ஐந்து நட்சத்திரப் பொய்ச்சாட்சி

இணையத்தில் பொருள் வாங்கி ஏமாந்தவரைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர்களிடம் ஒரே ஒரு தீர்ப்புதான் இருக்கிறது. பேராசை பெருநஷ்டம். கிள்ளானில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் சரி, பிரிக்பீல்ட்ஸில் தே தாரிக்குக் காத்திருந்தாலும் சரி, யாராவது ஒருவர் இதைச் சொல்லிப் பேச்சை முடித்துவைப்பார். “நாலாயிரம் வெள்ளி போனு ரெண்டாயிரத்துக்குக் கெடைக்குமா? கொஞ்சமாச்சும் யோசிக்க வேணாமா?” எல்லாரும் தலையாட்டுவார்கள். ஏமாந்தவர் கூனிக்குறுகி உட்கார்ந்திருப்பார். அடுத்த முறை ஏமாந்தால் வீட்டில்கூடச் சொல்ல மாட்டார். மோசடிக்காரனுக்கு வேண்டியதும் அதுதான்.

இந்தத் தீர்ப்பைப் போலச் சோம்பேறித்தனமானது வேறில்லை. ஏமாந்தவர் யோசிக்காமல் பணம் கட்டவில்லை. விலையைப் பார்த்ததும் அவருக்கும் சந்தேகம் வந்தது. அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் கீழே இறங்கி, முன்பு வாங்கியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தார். 4.9 நட்சத்திரம். முந்நூறு பேர் ‘நல்ல கடை, நம்பி வாங்கலாம்’ என்று சாட்சி சொல்லியிருந்தார்கள். முந்நூறு பேர் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்வார்களா என்று நினைத்தார். நம்பினார். அண்டை வீட்டுக்காரர் பேச்சை நம்பும் எந்த மனிதரும் இதைத்தான் செய்வார்.

ஆகவே கேட்கவேண்டிய கேள்வி ‘ஏன் ஆசைப்பட்டாய்?’ என்பதல்ல. ‘யார் அந்த முந்நூறு பேர்?’ என்பதே. அந்தக் கேள்வியைக் கேட்டால் விரல் நம் பக்கமும் திரும்பும். அதனால்தான் யாரும் கேட்பதில்லை.

இந்தச் சாட்சி முறை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். ‘ஏலம்’ என்ற சொல்லே போர்த்துகீசியரிடமிருந்து நமக்கு வந்தது. மலாய்க்காரர்களின் ‘லெலோங்’ அதே மூலத்திலிருந்து வந்த சொல். பாசார் மாலாமில் “லெலோங்! லெலோங்!” என்று கூவுகிறவர் ஏலம் எதுவும் விடுவதில்லை, மலிவாகத் தள்ளிவிடுகிறார் என்பது நமக்குத் தெரியும். 1998இல் தொடங்கிய நம் நாட்டு இணைய ஏலத் தளமும் அந்தப் பெயரைத்தான் வைத்துக்கொண்டது. தெருவில் விடப்படும் ஏலத்தில் பொருள் கண்முன் இருக்கும், கூவுகிறவர் முகம் தெரியும், போட்டிக்குக் கேட்பவர் யாருடைய ஆள் என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும். இணையம் இந்த மூன்றையும் எடுத்துவிட்டது. அந்த இடத்தை நிரப்பத்தான் 1995இல் ஈபேயைத் தொடங்கிய பியேர் ஒமிடியார், அடுத்த ஆண்டே மதிப்பீட்டு முறையைக் கொண்டுவந்தார். நல்ல அனுபவத்துக்கு ஒரு புள்ளி கூடும், மோசமானதற்கு ஒன்று குறையும், நடுநிலைக்குப் பூஜ்ஜியம். அந்நியர்கள் அந்நியர்களுக்காகச் சாட்சி சொல்வார்கள் என்ற நம்பிக்கையில் ஒரு சந்தை எழுந்து நின்றது. இன்று ஷோப்பீ, லசாடா, கேரோசல் என்று நாம் புழங்கும் எல்லா இடத்திலும் நிற்பது அந்த யோசனையின் பேரப்பிள்ளைகள்தான்.

பத்தாண்டுக்குள் அந்தச் சாட்சியே விற்பனைக்கு வந்துவிட்டது. ஜெனிபர் பிரவுன், ஜான் மோர்கன் என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் 2006இல் ஈபே பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அங்கே ஒரு அமெரிக்க செண்டுக்கு விற்கப்பட்ட மின்நூல் போன்ற உப்புச்சப்பில்லாத பொருள்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். அந்தப் பொருள் யாருக்கும் தேவையில்லை. வாங்கியவரும் விற்றவரும் ஒருவருக்கொருவர் நற்சான்று கொடுத்துக்கொள்வதற்கு அது ஒரு சாக்கு. இப்படி நூறு புள்ளி சேர்த்துக்கொண்டவர் பிறகு விலை உயர்ந்த பொருளைப் பட்டியலிட்டால், வாங்க வருகிறவர் கண்ணில் படுவது நூறு என்ற எண் மட்டும்தான். அந்த நூறும் செண்டுக் கணக்கில் சேர்ந்தது என்பது கண்ணில் படாது.

இதோடு பயமும் சேர்ந்துகொண்டது. வாங்கியவர் உண்மையைச் சொல்லி ஒரு புள்ளி குறைத்தால், விற்றவர் பழிக்குப் பழியாக அவருக்கும் குறைப்பார். எதுக்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டவர்கள் அதிகம். 2008இல்தான் விற்பவர்கள் வாங்குபவர்களுக்கு எதிர்மறை மதிப்பீடு தரமுடியாது என்று ஈபே விதியை மாற்றியது. பன்னிரண்டு ஆண்டுகள் அந்தச் சந்தையின் நல்ல பெயரில் ஒரு பங்கு வெறும் பயத்தால் ஆனது.

இன்னொரு வழக்கு இலக்கியம் படிப்பவர்களுக்குக் கூடுதலாகப் பிடிக்கும். 2000ஆம் ஆண்டு மே மாதம், கென்னத் வால்டன் என்ற கலிபோர்னிய வழக்கறிஞர் ஈபேயில் ஒரு நவீன ஓவியத்தை ஏலம் விட்டார். ரிச்சர்ட் டீபன்கார்ன் என்ற புகழ்பெற்ற ஓவியரின் பெயரை அவர் எங்குமே சொல்லவில்லை. படத்தின் மூலையில் அந்த ஓவியரின் முதலெழுத்துகள் தெரியும்படி மட்டும் பார்த்துக்கொண்டார். விவரக் குறிப்பில் ஒரு கதை எழுதினார். பழைய சாமான் விற்பனையில் வாங்கியதாம், மனைவி வீட்டுக்குள் வைக்க விடமாட்டேன் என்கிறாளாம், பிள்ளையின் விளையாட்டு வண்டி இடித்து ஓட்டை விழுந்துவிட்டதாம். அவருக்கு மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை. கலை தெரியாத அப்பாவிக் குடும்பஸ்தன் என்ற பாத்திரம் முழுக்கக் கற்பனை. இந்த முட்டாளிடமிருந்து ஒரு பொக்கிஷத்தைத் தட்டிக்கொண்டு போகலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் போட்டி போட்டார்கள். ஏலம் 1,35,805 டாலருக்குப் போனது. அதில் அவரே வேறு பெயரில் விலை கேட்டது தெரிந்ததும் ஈபே விற்பனையை ரத்து செய்தது. அவரும் கூட்டாளிகளும் பல பெயர்களில் ஒருவர் பொருளுக்கு இன்னொருவர் விலை ஏற்றிவிட்டது பிறகு வெளிவந்தது. 2001இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இதில் பிடிபட்ட ஓவியத்தைவிட அந்த விவரக் குறிப்புதான் முக்கியம். அது நன்றாக எழுதப்பட்ட புனைவு. அதைப் புனைவாகப் படிக்க ஒரு ஆள் இருந்திருந்தால், ‘ஓவியம் விற்கிறவன் எதற்கு இவ்வளவு குடும்பக் கதை சொல்கிறான்?’ என்று கேட்டிருப்பார்.

இனி நம் ஊருக்கு வருவோம். எந்தத் தளத்தையும் திறந்து மதிப்பீடுகளைப் படித்துப்பாருங்கள். மலேசியாவில் இதற்கென்றே ஓர் இலக்கிய வகை உருவாகிவிட்டது. “பாராங் டா சம்பாய், பெலும் சூபா லாகி.” சாமான் வந்துவிட்டது, இன்னும் உபயோகித்துப் பார்க்கவில்லை. கீழே ஐந்து நட்சத்திரம். உபயோகித்தே பார்க்காத பொருளுக்கு எதற்கு ஐந்து நட்சத்திரம்? ஏனென்றால் படமும் வீடியோவும் சேர்த்து எழுதினால் தளம் சில நாணயங்களைக் கணக்கில் போடும். அடுத்த முறை வாங்கும்போது சில காசு குறையும். தமிழில் நாணயம் என்றால் காசு, நாணயம் என்றால் நேர்மை. முதலாவதற்காக இரண்டாவதை விற்கிறோம், அதுவும் பத்துக் காசுக்கு.

பொட்டலத்துக்குள் ஒரு சின்ன அட்டை வருவதையும் பார்த்திருப்பீர்கள். ஐந்து நட்சத்திரம் போட்டு அதன் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு வெள்ளி திருப்பித் தருவார்களாம். அதே அட்டையில் இன்னொரு வரி, ‘குறை இருந்தால் மதிப்பீடு போடும் முன் எங்களிடம் சொல்லுங்கள்.’ கேட்க மரியாதையாகத்தான் இருக்கிறது. புகழ்ச்சியைச் சந்தையில் சொல், குறையைக் காதோடு சொல் என்பதே அதன் பொருள்.

“ரெண்டு வெள்ளிக்குப் போய் இவ்வளவு பேசணுமா? பாவம் அவங்களும் பொழைக்கணும் இல்ல?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதில், பிழைக்கவேண்டியவர் வேறு ஒருவர் இருக்கிறார். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் சிறிய சேலைக்கடை வைத்துக்கொண்டு இணையத்திலும் விற்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது வீட்டில் முறுக்கு சுட்டுத் தீபாவளிக்கு விற்கும் ஓர் அக்காவை. அவர்கள் நட்சத்திரம் வாங்குவதில்லை. ஆகவே அவர்களிடம் முப்பத்தேழு மதிப்பீடுகள் இருக்கும், அதில் இரண்டு மூன்று குறை சொல்லும். பக்கத்தில் ஆயிரத்து இருநூறு பொய் நட்சத்திரத்தோடு ஒரு கடை நிற்கும். வாங்குபவர் எதைத் தட்டுவார்? பழைய கார் சந்தையை வைத்து 1970இல் ஜார்ஜ் அகெர்லோஃப் இதை விளக்கினார். நல்ல சரக்கையும் கெட்ட சரக்கையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாதபோது நல்ல சரக்குக்கு உரிய விலை கிடைக்காது, நல்ல சரக்கு வைத்திருப்பவர் சந்தையைவிட்டுப் போய்விடுவார், மிஞ்சுவது கெட்டதுதான். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாம் பாவம் பார்த்துப் போடும் ஐந்து நட்சத்திரம் யாரைச் சந்தையைவிட்டு அனுப்புகிறது என்று யோசியுங்கள்.

நம் அம்மாக்களும் பாட்டிகளும் தோட்டத்து லயங்களில் ஏலச்சீட்டு போட்டார்கள். இங்கே கூட்டு என்பார்கள். 1971இல் அரசாங்கம் அதைச் சட்டம் போட்டுத் தடைசெய்தது, அதற்குப் பிறகும் அது நிற்கவில்லை. அதிலும் பணத்தோடு ஓடியவர்கள் உண்டு. ஆனால் ஒருவரைச் சீட்டில் சேர்க்கவேண்டுமென்றால் இன்னொருவர் ‘நான் பொறுப்பு’ என்று சொல்லவேண்டும். ஓடிப்போனால் சொன்னவர் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். சாட்சி சொல்வதற்கு ஒரு செலவு இருந்தது. அந்தச் செலவுதான் அதன் மதிப்பு. இன்றைய நட்சத்திரத்தில் சொல்பவருக்கு எந்தச் செலவும் இல்லை, மாறாக வரவு இருக்கிறது.

பெரிய தளங்கள் இதை அறியாதவை அல்ல. மதிப்பீடு அதிகமானால் விற்பனை அதிகம், விற்பனை அதிகமானால் கமிஷன் அதிகம். பொய்யை அகற்றும் செலவு அவர்களுடையது, பொய்யால் வரும் நஷ்டம் நம்முடையது. அமெரிக்காவில் பொய் மதிப்பீடுகளை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்யும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டன் 2025 ஏப்ரலில் அதைச் செய்தது. இந்தியா 2022இல் இணைய மதிப்பீடுகளுக்கென்று ஒரு தர நிர்ணயம் வெளியிட்டது. நம்மிடம் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, பொய்யான தகவல் சொல்லி விற்பதை அது ஏற்கெனவே தடுக்கிறது. இணையத்தில் விற்பவர் தன் பெயரையும் தொடர்பு விவரத்தையும் முழு விலையையும் வெளியிடவேண்டும் என்ற விதி 2013 முதலே நடைமுறையில் இருக்கிறது. விலையைப் போடாமல் “பி.எம். பண்ணுங்க” என்று எழுதுவதே தப்பு. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 1969இல் தொடங்கியது. ‘பயனீட்டாளர்’ என்ற சொல்லை நம் வீடுகளுக்குள் கொண்டுவந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. எடையில் ஏமாற்றும் தராசைப் பற்றி நம் அப்பாக்கள் தமிழில் படித்தார்கள். இன்றைய தராசு நட்சத்திரம். அதைப் பற்றித் தமிழில் எழுத நமக்கு வெட்கமாக இருக்கிறது, அது இலக்கியம் இல்லையாம்.

இலக்கியம்தான். ரிவியூ என்பதற்கும் நாம் விமர்சனம் என்றே சொல்கிறோம். வாசிக்கத் தெரிந்தவர்கள் என்று பெருமைப்படும் நாம் ஒரு விற்பனைப் பட்டியலை வாசிக்கத் தெரியாமல் இருந்தால் அந்தப் பெருமை எதற்கு? ஒரு சிறுகதையில் செய்வதைத்தான் இங்கேயும் செய்யவேண்டும். யார் பேசுகிறார், எப்போது பேசுகிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று பார்க்கவேண்டும்.

முதலில் தேதியைப் பாருங்கள். ஆறு மாதம் அமைதி, பிறகு இரண்டே நாளில் எண்பது புகழ்ச்சி என்றால் அது வாங்கியவர்கள் எழுதியதாக இருக்க வாய்ப்பு குறைவு. பிறகு நடையைப் பாருங்கள். வெவ்வேறு பெயர்கள் ஒரே வாக்கியத்தை, ஒரே எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தால் எழுதியது ஒரே கை. பொருளைப் பாருங்கள். விற்பது கைப்பேசி, மதிப்பீடுகள் ‘கவர் நல்ல கலர்’ என்கின்றன. பழைய பட்டியலில் பொருளை மாற்றிவிட்டு நட்சத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடையின் வரலாற்றைப் பாருங்கள். நேற்றுவரை ஒரு வெள்ளிக்குத் திரை ஒட்டி விற்ற கடை இன்று மடிக்கணினியைப் பாதி விலைக்குத் தருகிறது என்றால், அந்த ஒரு வெள்ளி வியாபாரம் எதற்காக நடந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். ஐந்து நட்சத்திரத்தை விடுங்கள், மூன்றும் இரண்டும் போட்டவர்களைப் படியுங்கள். உண்மையாக உபயோகித்தவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள்.

படம் நிறுவனத்தின் விளம்பரப் படமாக இருந்தால், இன்றைய தேதியைத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கையில் பொருள் இருப்பவருக்கு இது ஒரு நிமிட வேலை. சாக்குச் சொல்பவரை விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், “வாட்ஸ்அப்புக்கு வாங்க, நேரா பேங்க்குக்குப் போட்டா இன்னும் கொறச்சுத் தரேன்” என்ற அழைப்பு. பொருள் கைக்கு வரும்வரை பணத்தைப் பிடித்துவைக்கும் பாதுகாப்பு தளத்துக்குள் மட்டும்தான் உண்டு. வெளியே வரச் சொல்கிறவர் அந்தப் பாதுகாப்பைக் கழற்றச் சொல்கிறார். கொடுக்கும் வங்கிக் கணக்கு வேறு யாரோ ஒருவருடையதாக இருக்கும். மலாயில் ‘கெல்டாய் அக்காவுன்’, கழுதைக் கணக்கு. வணிகக் குற்றப் புலனாய்வுத் துறையின் ‘செமாக் மியூல்’ பக்கத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். அதில் புகார் இல்லை என்று வந்தால் யாரும் இன்னும் புகார் செய்யவில்லை என்று மட்டுமே அர்த்தம். அதுவும் நற்சான்று அல்ல.

இதற்கெல்லாம் பிறகும் ஒருவர் ஏமாறலாம். அப்போது தேவை பழமொழி அல்ல, 997. 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி பதிலளிப்பு மையத்தின் எண் அது. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவும் முன் அழைத்தால்தான் பயன். பிறகு போலீஸ் புகார். விற்றவர் அடையாளம் தெரிந்த வியாபாரி, பொருளோ மோசம் என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுக் கட்டணம் ஐந்து வெள்ளி, வழக்கறிஞர் வேண்டாம், ஐம்பதாயிரம் வெள்ளிவரை கேட்கலாம்.

பொய் நட்சத்திரத்தின் கதை இங்கேயும் முடிவதில்லை. ‘பகுதி நேர வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம், கடைகளுக்கு லைக்கும் ரிவியூவும் போட்டால் போதும்’ என்று டெலிகிராமில் வரும் செய்தி பல இளைஞர்களுக்கு வந்திருக்கும். முதலில் சில வெள்ளி உண்மையிலேயே கணக்கில் விழும். பிறகு, பெரிய கமிஷனுக்கு முன்பணம் கட்டச் சொல்வார்கள். கட்டியது திரும்பாது. இந்த வலையில் சிக்குகிறவர்கள் பேராசைக்காரர்கள் அல்ல. படிப்புக்கடன் கட்டுகிறவர்கள், ஓவர்டைம் குறைந்துபோனவர்கள், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வெளியே வேலைக்குப் போகமுடியாதவர்கள். பொய்ப் புகழ்ச்சி எழுதுவது ஒரு சாதாரண வேலை என்று நாம் எல்லோரும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட பிறகுதான் அந்த விளம்பரம் யாருக்கும் விசித்திரமாகத் தெரியாமல் போனது. காவல்துறையின் கணக்குப்படி 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் இந்த நாட்டில் இணைய மோசடியால் போன பணம் ஆண்டுக்கு நூறு கோடி ரிங்கிட்டைத் தாண்டியது. அவ்வளவும் பேராசையின் விலை என்று நம்ப நான் தயாராக இல்லை.

நம் இலக்கியச் சூழல் மட்டும் என்ன வாழ்கிறது? நூல் வெளியீட்டில் ஒரு டத்தோ மேடையேறி முப்பது வெள்ளி நூலின் முதல் பிரதியை மூவாயிரம் வெள்ளிக்கு வாங்குவார். கைதட்டுவோம். அவர் அதைப் படிக்கமாட்டார் என்பது அரங்கில் எல்லாருக்கும் தெரியும். மறுநாள் நண்பர்கள் முகநூலில் ‘மலேசியத் தமிழ் இலக்கியத்தின் மைல்கல்’ என்று எழுதுவார்கள். ஆங்கேயும் அதே வாசகம்தான், புத்தகம் வந்துவிட்டது, இன்னும் படித்துப் பார்க்கவில்லை. அடுத்த மாதம் இவர் நூலுக்கு அவர் எழுதுவார். ஈபேயின் ஒரு செண்டு வியாபாரத்தை நாம் இலவசமாகவே செய்துகொண்டிருக்கிறோம். நல்ல நூலை எழுதிய இளைஞன் முப்பத்தேழு மதிப்பீடுகளோடு மூலையில் நிற்கும் சேலைக்கடைக்காரரைப் போல நிற்கிறான்.

அதனால் இதை வாசிக்கும் இளைஞர்களிடம் கேட்பது அதிகமில்லை. பொருளை உபயோகித்துப் பாருங்கள், பிறகு எழுதுங்கள். நன்றாக இருந்தால் எது நன்றாக இருந்தது என்று ஒரு வரி. குறை இருந்தால் அதையும் அதே இடத்தில், எல்லாரும் பார்க்கும்படி. சின்ன வியாபாரி என்று பாவம் பார்த்தால் ‘தாமதமாக வந்தது, ஆனால் துணி தரமானது’ என்று எழுதலாமே, யார் தடுத்தார்கள்? நாணயம் வருகிறதென்று நட்சத்திரம் போடாதீர்கள். அட்டை வந்தால் அதைப் படம் எடுத்து மதிப்பீட்டிலேயே போடுங்கள், அடுத்து வருகிறவருக்கு அந்தக் கடையைப் பற்றி அதைவிட நல்ல தகவல் கிடைக்காது.

அடுத்த முறை பந்தியில் யாராவது ‘பேராசை பெருநஷ்டம்’ என்று ஆரம்பித்தால், அவர் கைப்பேசியை வாங்கி, அவர் கடைசியாகப் போட்ட ஐந்து நட்சத்திரம் எதற்கு என்று கேளுங்கள்.